பனிக்காட்டில் ஒரு விடிலி: மேப்பிள் மிட்டாய் காய்ச்சும் கதை

மரத்திலிருந்து இனிப்பு இறக்குகிற வேலை பனைக்கும் தென்னைக்கும் ஈச்சைக்கும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகத்தின் இன்னொரு மூலையில், முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கிற காட்டில், ஒரு இலைகூட இல்லாமல் மொட்டையாக நிற்கிற மரத்தில் துளை போட்டு, அதில் சொட்டுகிற தண்ணியைக் காய்ச்சிப் பாகாகவும் மிட்டாயாகவும் சர்க்கரையாகவும் ஆக்குகிறார்கள். அதுதான் மேப்பிள். கனடா நாட்டுக் கொடியில் இருக்கிற சிவப்பு இலை அந்த மரத்தின் இலைதான்.

நான் ராமநாதபுரம் மாவட்டம், சாயல்குடிப் பக்கம். வீட்டுக்காரர் பனை ஏறுகிறார், நான் முப்பது வருசமாகப் பதநி காய்ச்சுகிறேன். மகள் கனடாவில் ஒட்டாவா நகரத்தில் இருக்கிறாள். அவள் பேறுகாலத்துக்காக ஐப்பசியில் போய், சித்திரையில் திரும்பினேன். மருமகனோடு வேலை பார்க்கிற ஒருவரின் அப்பா அம்மா, லானார்க் என்ற பகுதியில் மேப்பிள் காய்ச்சுகிறவர்கள். மாசிக் கடைசியிலும் பங்குனி முழுக்கவும் சனி, ஞாயிறு வந்தால் நான் அங்கேதான். "அத்தை, குளிருக்குள்ள எதுக்கு?" என்று மருமகன் கேட்டார். "அடுப்புப் பக்கத்துல நிக்கிறவளுக்கு என்னய்யா குளிரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அந்தப் பெரியவரும் அவர் வீட்டம்மாவும் சொன்னதை மருமகன் தமிழில் சொல்வார். மீதியைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொண்டேன். பழைய கதையெல்லாம் மகள் புத்தகம் எடுத்து வந்து வாசித்துச் சொன்னாள்.

நம் இயக்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, எழுதியே தாருங்கள் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேப்பிள் கன்று எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்காதீர்கள். அந்தப் பனியும் குளிரும் இல்லாமல் அது சர்க்கரை தராது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மரத்தை அல்ல, அவர்கள் வேலையை நடத்துகிற விதத்தை.

எந்த மரம், எந்தக் காலம்

மேப்பிளில் பல இனம் உண்டு. இனிப்பு அதிகம் உள்ளது சர்க்கரை மேப்பிள். சிவப்பு மேப்பிளிலும் எடுப்பார்கள், ஆனால் இனிப்புக் குறைவு. சர்க்கரை மேப்பிள் ஊற்றில்கூட நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான் சர்க்கரை. வாயில் விட்டுப் பார்த்தேன். லேசாக ஒரு தித்திப்பு, அவ்வளவுதான், பார்க்கவும் பச்சைத் தண்ணிபோலத்தான் இருக்கிறது. நம் பதநியில் அதைவிட ஐந்தாறு மடங்கு சர்க்கரை இருக்கும்.

அதனால் அங்கே 40 லிட்டர் ஊற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு. அதை இன்னும் இறுக்கி மிட்டாய் ஆக்கினால் ஒரு கிலோ தேறும். எங்கள் விடிலியில் எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநியில் ஒரு கிலோ கருப்பட்டி எடுத்துவிடுவோம். இந்தக் கணக்கை அந்த வீட்டம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. மருமகனிடம் இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

காலம் என்று பார்த்தால் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை, அதில் நாலிலிருந்து ஆறு வாரம்தான். ராத்திரி தண்ணி உறைகிற குளிர் வேண்டும், பகலில் பனி உருகுகிற வெயிலும் வேண்டும். இரண்டும் மாறி மாறி வந்தால்தான் ஊறும். மரம் கோடையில் இலை வழியாகச் சமைத்ததை மாவுச்சத்தாகத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. குளிர்காலத்தில் அது சர்க்கரையாக மாறுகிறது. ராத்திரி உறையும்போது மரத்துக்குள் இருக்கிற காற்று சுருங்கி, வேர் தண்ணியை மேலே இழுக்கிறது. பகலில் உருகும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. துளை இருக்கிற இடத்தில் அது சொட்டுச் சொட்டாக வெளியே வருகிறது. மொட்டு விரிய ஆரம்பித்துவிட்டால் ஊற்றின் வாசம் கெட்டுவிடும். அன்றோடு நிறுத்திவிடுவார்கள்.

துளை போடுவதில் உள்ள கட்டுப்பாடு

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் மரத்தின் குறுக்களவு 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அந்தப் பருமன் வர ஏறக்குறைய நாற்பது வருசம் ஆகும். அதுவரை தொடமாட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு மரத்துக்கு ஒரு துளைதான். ரொம்பப் பெரிய மரம் என்றால் இரண்டு. துளையின் அகலம் 8 மில்லிமீட்டர், ஆழம் 4 அல்லது 5 சென்டிமீட்டர். ஊற்று வெளியே வழிய வசதியாக லேசாக மேல் நோக்கிச் சாய்த்துப் போடுகிறார்கள். அதில் ஒரு சின்னக் குழாயைத் தட்டிப் பொருத்தி, மூடி போட்ட வாளியைத் தொங்கவிடுகிறார்கள். நம் கலயம் மாதிரிதான், ஆனால் இடுப்பு உயரத்தில்.

பருவம் முடிந்ததும் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். மரம் தானாகவே காயத்தை மூடிக்கொள்ளும். ஆனால் அந்தத் துளையைச் சுற்றி மேலும் கீழும் ஒரு நீளத்துக்கு உள்மரம் செத்துப்போகும், அதில் மறுபடி ஊற்று ஓடாது. அதனால் அடுத்த வருசத் துளையைத் தள்ளித்தான் போட வேண்டும். மரம் ஒரு வருசத்தில் எவ்வளவு புது மரக்கட்டை வளர்க்கிறதோ, அதற்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்பது கணக்கு. இப்படிப் பார்த்துச் செய்தால் நூறு வருசத்துக்கு மேலேயும் ஒரே மரத்தில் எடுக்கலாம். அந்தப் பெரியவரின் தாத்தா துளை போட்ட மரம் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் துளை சீக்கிரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஃபார்மால்டிஹைடு மாத்திரையைத் துளைக்குள் போட்டிருக்கிறார்கள். ஊற்று அதிகம் வந்தது, ஆனால் மரம் உள்ளே அழுகியது. இப்போது அதற்குத் தடை. இயற்கை முறைச் சான்று வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில கட்டுப்பாடு உண்டு. காட்டில் மேப்பிள் மட்டும் நிற்கக் கூடாது, வேறு இன மரங்களும் இருக்க வேண்டும். உரமோ பூச்சிமருந்தோ கண்டபடி போடக் கூடாது. காய்ச்சும்போது ரசாயன நுரையடக்கி சேர்க்கக் கூடாது.

பெரிய பண்ணைகளில் வாளி கிடையாது. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் இழுத்து, உறிஞ்சு மோட்டார் வைத்து, சவ்வு வடிகட்டி வழியாகப் பாதித் தண்ணிக்கு மேல் பிரித்துவிட்டுத்தான் அடுப்புக்கு விடுகிறார்கள். விறகும் எண்ணெயும் மிச்சமாகிறது. நான் போன இடத்தில் 400 துளை. பாதி வாளி, பாதி குழாய்.

காய்ச்சுகிற கொட்டகை

அதைச் சர்க்கரைக் குடில் என்கிறார்கள். எனக்கு அது விடிலி. பலகையால் கட்டியது, கூரை உச்சியில் ஆவி போகத் திறப்பு. உள்ளே நீளமான இரும்பு அடுப்பு, மேலே துருவேறாத எஃகில் செய்த தட்டையான, ஆழம் குறைந்த தாச்சி. தாச்சிக்குள் வரப்பு மாதிரித் தடுப்புகள். ஒரு மூலையில் ஊற்று நுழைந்து, வளைந்து வளைந்து போய், மறு மூலைக்கு வரும்போது பாகாகிவிடுகிறது. ஆழம் குறைவு என்பதால் ஆவி சீக்கிரம் போகிறது. சீக்கிரம் வற்றினால் நிறம் வெளுப்பாக, வாசம் மென்மையாக இருக்கும். நேரம் பிடித்தால் கருத்துப்போகும்.

அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கிறது. விறகுதான் எரிகிறது, ஆனால் ஒரு துளிப் புகை கொட்டகைக்குள் இல்லை. முப்பது வருசமாக மட்டையும் ஓலையும் எரித்து, புகையைக் குடித்துக் கண் எரிந்து போன எனக்கு, அங்கே ஐந்து மணி நேரம் நின்றும் கண்ணில் தண்ணி வரவில்லை என்பதை நம்பவே முடியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்து அளவெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன்.

பொங்கி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு சொட்டு வெண்ணெய் போட்டார், அடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் பன்றிக் கொழுப்பை ஒரு கயிற்றில் கட்டித் தாச்சிக்கு மேல் தொங்கவிடுவார்களாம். நுரை எழும்பி அதைத் தொட்டதும் இறங்கிவிடும். நாங்கள் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவோம் என்றேன். எண்ணெய்ப் பசை பட்டால் நுரை அடங்கும் என்பது இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல் 4 டிகிரி ஏறினால், அதாவது 104 டிகிரி வந்தால் பாகு. அப்போது நூற்றுக்கு 66 பங்கு சர்க்கரை. அதற்குக் குறைந்தால் புளித்துப்போகும், கூடினால் அடியில் கல்கல்லாக உறையும். வெப்பமானியும் பாகுமானியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரியவர் முதலில் பார்ப்பது அகப்பையைத்தான். தூக்கிச் சாய்த்தால் சொட்டாக விழாமல், விளிம்பில் தகடு மாதிரி சேர்ந்து தொங்கி விழ வேண்டும். நான் தலையாட்டிய நேரமும் அவர் தலையாட்டிய நேரமும் ஒன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அகப்பையை என் கையில் கொடுத்துவிட்டார்.

கடைசியில் கம்பளித் துணியில் சூடாக வடிகட்டுகிறார்கள். ஊற்றில் இருக்கிற தாதுச்சத்து காய்ச்சும்போது நறநறவென்று மணலாகப் பிரியும், அது இதில் நின்றுவிடும்.

மிட்டாய்ப் பதம்

பாகு வரை ஒரே வழி. அதற்கு மேல் எவ்வளவு சூடு ஏற்றுகிறோம், எப்போது கிண்டுகிறோம் என்பதை வைத்துத்தான் வேறு வேறு பண்டம். வேறு எதுவும் சேர்ப்பதில்லை. பால் இல்லை, எசன்ஸ் இல்லை, சீனி இல்லை.

1. பனி மிட்டாய்: 112 முதல் 115 டிகிரி. காய்ச்சிய பாகைக் கிண்டாமல், சுத்தமான பனியை அழுத்திப் பரப்பி அதன்மேல் கோடாக ஊற்றுகிறார்கள். உடனே இறுகி ஜவ்வாகிறது. ஒரு குச்சியில் சுருட்டிக் குழந்தைகள் தின்னும். கூடவே ஊறவைத்த வெள்ளரிக்காயைப் புளிப்புக்குக் கடிக்கிற வழக்கமும் சில ஊர்களில் உண்டு. நாம் கூப்பனியைத் தண்ணியில் விட்டு உருட்டிப் பதம் பார்ப்போமே, அதே வேலைதான். நமக்குத் தண்ணி, அவர்களுக்குப் பனி.

2. மேப்பிள் வெண்ணெய்: பேர்தான் வெண்ணெய், பாலே கிடையாது. 112 டிகிரி வரை ஏற்றி, பாத்திரத்தோடு பனிக்குள் வைத்து அசைக்காமல் நன்றாக ஆறவிட்டு, பிறகு மெதுவாகக் கிண்டினால் பசை மாதிரி வரும். ரொட்டியில் தடவித் தின்கிறார்கள்.

3. அச்சு மிட்டாய்: இதுதான் கடையில் இலை வடிவத்தில் விற்பது. 115 டிகிரி அல்லது அதற்குச் சற்று மேல். அடுப்பிலிருந்து இறக்கி, 80–90 டிகிரிக்கு வரும் வரை தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. பிறகு மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். பளபளப்புப் போய், நிறம் வெளுத்து, கரண்டி கனத்து வரும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் அச்சில் ஊற்றிவிட வேண்டும். அரை நிமிசம் பிந்தினால் பாத்திரத்திலேயே கட்டிவிடும், முந்தினால் அச்சில் கட்டாமல் பிசுபிசுக்கும். பத்து, இருபது நிமிசத்தில் அச்சைக் கவிழ்த்துத் தட்டினால் விழுகிறது.

4. தூள் சர்க்கரை: 125 டிகிரியை நெருங்கும் வரை காய்ச்சி, இறக்கி, விடாமல் கிண்டினால் ஈரமெல்லாம் போய் மணல் மணலாக உதிரும்.

சூடாக இருக்கும்போதே கிண்டினால் மணி பெரிசாகும், ஆறவிட்டுக் கிண்டினால் மணி பொடிசாகி நாக்கில் கரையும். இந்த ஒரு விசயத்தைத் தெரிந்துகொண்டாலே எந்தப் பாகையும் கையாளலாம்.

மிட்டாய்க்கு எந்தப் பாகு என்பதிலும் சூட்சுமம் உண்டு. பருவத் தொடக்கத்தில் எடுக்கிற வெளுப்பான பாகுதான் கட்டும். கடைசி வாரத்துக் கருத்த பாகு லேசில் கட்டாது. வெயில் ஏற ஏற ஊற்றில் கிருமி வேலை செய்து, சர்க்கரையை உடைத்துவிடுகிறது, அதனால் உறையாமல் இழுபடுகிறது. நமக்கு இது புதுசா என்ன? கலயத்தில் சுண்ணாம்பு குறைந்த அன்றைக்குப் பதநி புளித்து, எவ்வளவு கிண்டினாலும் கருப்பட்டி கட்டாமல் போகிறதே, அதே காரணம்தான். அவர்களுக்குக் குளிரே சுண்ணாம்பு. குளிர் விலகினால் காவல் போச்சு.

கண்டுபிடித்தவர்கள் யார்

இந்தத் தொழிலை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே, ஹோடெனோசோனி மக்கள் அவர்களுக்கு முன்பிருந்தே செய்துவந்தது. பூர்ச்ச மரப் பட்டையில் தைத்த கலன்களில் ஊற்றைப் பிடித்தார்கள். அனிஷினாபே மக்களிடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சர்க்கரைக் காடு உண்டு. பனி உருகும் மாதத்துக்குச் சர்க்கரை காய்ச்சும் நிலா என்றே பேர். அந்தக் காட்டு வேலையைப் பெண்கள் முன்னின்று நடத்தினார்கள். பாகாக வைத்தால் கெட்டுவிடும் என்பதால், மரத்தொட்டியில் கிண்டித் தூளாக்கியும், பட்டையிலும் மரத்திலும் செய்த அச்சில் ஊற்றிக் கட்டியாக்கியும் வருசம் முழுக்க வைத்துச் சாப்பிட்டார்கள். இன்றைக்குக் கடையில் பளபளவென்று பெட்டியில் இருக்கிற இலை மிட்டாய்க்கு மூலம் அதுதான். பிறகு வந்தவர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டு, அவர்கள் காடுகளையும் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது சில பூர்வகுடி ஊர்களில் இளைஞர்கள் மறுபடி சர்க்கரைக் காட்டுக்குத் திரும்புகிறார்கள்.

இன்னொரு செய்தி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கரும்புச் சர்க்கரை என்றால் அடிமைகளின் உழைப்பு. அதனால் அடிமை முறையை எதிர்த்தவர்கள், கரும்புச் சர்க்கரைக்குப் பதில் மேப்பிள் சர்க்கரை வாங்குங்கள் என்று அமெரிக்காவில் பிரச்சாரம் செய்தார்கள். 1791இல் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் இதை வலியுறுத்தித் தாமஸ் ஜெஃபர்சனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஜெஃபர்சன் தன் தோட்டத்தில் மேப்பிள் நட்டும் பார்த்தார், அது கைகூடவில்லை. அவர் தோட்டத்திலேயே அடிமைகள் உழைத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பின்னாளில் கரும்புச் சர்க்கரை மலிந்ததும், மேப்பிள் சர்க்கரைக் கட்டி சந்தையில் தோற்றது. அப்போது அவர்கள் தொழிலை விட்டுவிடவில்லை. சீனியோடு விலையில் போட்டி போடாமல், பாகு என்ற தனிப் பண்டமாக மாற்றிக்கொண்டார்கள்.

விலையை யார் வைக்கிறார்கள்

உலகத்தில் விளைகிற மேப்பிள் பாகில் ஏறக்குறைய முக்கால் பங்கு கனடாவில், அதிலும் பெரும்பகுதி கியூபெக் மாநிலத்தில். அங்கே உற்பத்தியாளர்கள் 1966இல் கூட்டமைப்பு கட்டினார்கள். பீப்பாய் பீப்பாயாக விற்கிற பாகெல்லாம் அந்த அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். விளைச்சல் கூடிய வருசம் விலை விழாமல் இருக்கவும், குறைந்த வருசம் தட்டுப்பாடு வராமல் இருக்கவும் 2000இல் சேமிப்புக் கிடங்கு தொடங்கினார்கள். 2004இலிருந்து ஆளுக்கு இவ்வளவு என்று அளவும் வைத்தார்கள். அந்தப் பாகுக்கு எவ்வளவு மதிப்பு என்றால், 2012இல் ஒரு கிடங்கில் பீப்பாய்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய 3,000 டன் பாகு திருடுபோனது தெரியவந்தது!

எல்லாருக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். என் பொருளை என் இஷ்டத்துக்கு விற்க விடமாட்டேன் என்கிறார்களே என்று வழக்குக்குப் போன உழவர்களும் உண்டு. லானார்க் இருக்கிற ஒன்டாரியோ மாநிலத்தில் அந்த மாதிரி அளவுக் கட்டுப்பாடு இல்லை. எங்கள் பெரியவர் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே விற்றுவிடுகிறார்.

கலப்படத்துக்கு வருகிறேன். மேப்பிள் பாகு என்று எழுதினால் அதில் மேப்பிள் ஊற்றைக் காய்ச்சியதைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இது சட்டம். சோளப்பாகில் நிறம் சேர்த்து மலிவாக விற்பதும் கடையில் இருக்கிறது, ஆனால் அதன் பேர் வேறு. வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார். வெளுப்பு, பொன்னிறம், கருப்பு, அடர்கருப்பு என்று நிறத்தை வைத்து நாலு வகை உண்டு. எது மட்டம் என்று இல்லை, ருசி வேறு, அவ்வளவுதான்.

நம் ஊரில்? சீனிப் பாகைக் கலந்து சிரட்டையில் ஊற்றினதும் கருப்பட்டி, நாங்கள் வெயிலிலும் புகையிலும் நின்று காய்ச்சினதும் கருப்பட்டி. ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. அது பாதி விலை. வாங்குகிறவரைக் குறை சொல்ல முடியுமா?

மரமேறியின் உயிர்

ஒட்டாவாவில் ஒரு கடையில் ஒன்பது இலை மிட்டாய் உள்ள பெட்டியைப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு வியாபாரி எனக்குத் தருவதைவிட அதன் விலை அதிகம். அந்த ஒன்பது மிட்டாய்க்கு யாரும் உயிரைப் பணயம் வைக்கவில்லை. வாளி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு 58 வயசு. ஒரு பனைக்குக் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பாளையை நசுக்கிக் கட்டி, தினமும் மெல்லிசாகச் சீவி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி வருகிறார். கால் வழுக்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். மகன் ஏறவில்லை, ஏறு என்று சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

பருவத்துக்கு முன்னாலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுகிறோம். அதனால் அவர் சொன்னதுதான் விலை. ஏற ஆள் இல்லாத தோப்பு செங்கல் சூளைக்குப் போகிறது. பனை நம் மாநில மரம். வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் மரம் நின்றால் மட்டும் போதாது, அதில் ஏறுகிறவருக்கு வருமானம் நிற்க வேண்டும்.

பருவம் மாறுகிற பயமும் எங்களுக்கு மட்டும் இல்லை. 2012 மார்ச்சில் அந்தப் பக்கம் திடீரென்று கோடை மாதிரி வெயில் அடித்து, மேப்பிள் பருவம் பாதியில் முடிந்துபோனதாம். ராத்திரிக் குளிர் இல்லையென்றால் அவர்களுக்கு ஊற்று இல்லை. மழை தப்பினால் எங்களுக்குப் பாளை மெலிகிறது.

நாங்கள் எடுத்திருக்கிற முடிவு

ஊருக்கு வந்ததும் பதநி காய்ச்சுகிற பதினான்கு வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேசினோம். வருகிற மாசியில் தொடங்குகிற பருவத்துக்கு நாலு காரியம் செய்வதாக இருக்கிறோம்.

முதலாவது, புகைபோக்கி. இரண்டு விடிலியில் அடுப்பை நீளமாகக் கட்டி, மண்ணிலேயே புகைபோக்கி வைத்து, ஆழமான அண்டாவுக்குப் பதில் அகலமான தாச்சி போடப் போகிறோம். விறகு எவ்வளவு மிச்சம் என்று எழுதி வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, சில்லுக் கருப்பட்டி. சுக்கும் மிளகும் போட்டுச் சின்னச் சின்னதாக ஊற்றுவது நம் பழைய பண்டம்தானே. கல்யாணத்துக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் செய்வதை, பருவ முதல் மாதத்து நல்ல பதநியில் செய்து, சின்ன ஓலைக் கொட்டானில் போட்டு விற்போம். சிரட்டைக் கருப்பட்டியை வாங்க யோசிக்கிற ஊர்க்காரப் பிள்ளைகள்கூட ஒரு கொட்டான் மிட்டாய் வாங்கும்.

மூன்றாவது, பதினான்கு வீட்டிலும் மொத்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்கையாவது வியாபாரிக்குக் கொடுக்காமல் பொதுவில் வைப்பது. முன்பணத்திலிருந்து ஒரே வருசத்தில் வெளியே வர முடியாது, அது எங்களுக்குத் தெரியும். ஒரு பங்கை நம் விலைக்கு விற்றுக் காட்டினால் அடுத்த வருசம் பேச வாய் இருக்கும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது போல நம் ஊர்ப் பேரும் நிற்க வேண்டும் என்றால், முதலில் நாமே சீனி கலக்கமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டோம்.

நாலாவது, ஆளை வரவழைப்பது. மேப்பிள் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாகச் சர்க்கரைக் குடிலுக்கு வருகிறார்கள். வாளியை எட்டிப் பார்க்கிறார்கள், ஆவியில் நிற்கிறார்கள், பனியில் ஊற்றின மிட்டாயைத் தின்கிறார்கள், போகும்போது இரண்டு புட்டி வாங்கிப் போகிறார்கள். கண்ணால் பார்த்தவர் விலை பேசவில்லை. கலப்படத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இதை வாசிக்கிற உழவர் சொந்தங்களுக்கும், நஞ்சில்லா உணவு வேண்டும் என்கிற ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொள்வது: பங்குனியிலும் சித்திரையிலும் உங்கள் பக்கத்தில் பனை ஏறுகிற ஊர் எது என்று விசாரித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடிலிக்குப் போங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் பதநி கிடைக்கும், பத்து மணிக்குப் போனால் கொதி பார்க்கலாம், மத்தியானம் வரை இருந்தால் கூப்பனியை ஓலையில் வாங்கி நக்கலாம். கருப்பட்டியை அங்கேயே வாங்குங்கள். பனை ஏறுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். தன் பொருளை யார் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியட்டும்.